கேப்டன் லிங்கனின் வில்லங்கச் சொத்து

ஆபிரகாம் லிங்கன் என்றதும் தாடியும் நெட்டைத் தொப்பியும் கண்ணுக்கு முன் வந்து நிற்கும். ஒரு சென்ட் காசிலும் ஐந்து டாலர் நோட்டிலும் அவர்தான் இருக்கிறார். ரஷ்மோர் மலையில் 60 அடி உயரத்துக்கு அவர் தலையைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெரிய மனிதரைக் கொஞ்சம் ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு, அதே பெயரில் அவருக்கு முன்னால் இருந்த ஒருவரைப் பார்ப்போம். அப்பாவைப் பெற்ற தாத்தா. கேப்டன் ஆபிரகாம் லிங்கன். காட்டைத் திருத்திக் குடியேறியவர், ஊர்க் குடிப்படைக்குத் தலைவர்.

இந்தத் தாத்தா எப்படிச் செத்தார் என்று கேளுங்கள், அமெரிக்க வரலாற்று ஆர்வலர்கள் விலாவாரியாகச் சொல்வார்கள். எப்படி வாழ்ந்தார் என்று கேளுங்கள், தொண்டையைச் செருமிக்கொள்வார்கள். சண்டை சச்சரவில் உயிரைவிட்ட மூதாதையர் எல்லோருக்கும் இதே கதிதான். சாவதற்கு ஆன ஒரு நிமிஷம், வாழ்ந்த நாற்பது வருஷத்தையும் விழுங்கி ஏப்பம் விட்டுவிடும்.

பேரனுக்கே தாத்தாவைப் பற்றிச் சரியாகத் தெரியவில்லை. ஜனாதிபதித் தேர்தல் சமயத்தில் எழுதிக்கொடுத்த வாழ்க்கைக் குறிப்பில், தாத்தா இறந்த காலத்தைச் சில வருஷம் முன்னால் தள்ளிவிட்டார். மாசசூசெட்ஸில் ஒரு பெரிய லிங்கன் குடும்பம் இருக்கிறதே, நீங்கள் அவர்களுக்கு உறவா என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதிலின் சாரம் இது: அவர்கள் வீட்டிலும் மொர்தெகாய், சாலமோன், ஆபிரகாம் என்று பெயர் வைக்கிறார்கள், எங்கள் வீட்டிலும் வைக்கிறார்கள், அதற்கு மேல் ஆதாரம் கிடையாது. சொன்னவர் தொழில்முறை வக்கீல். இப்படி ஒரு சாட்சியத்தை வேறு யாராவது அவர் எதிரில் சொல்லியிருந்தால் கூண்டிலேயே அழவைத்து அனுப்பியிருப்பார்.

அவர் போன பிறகு வம்சாவளி ஆராய்ச்சிக்காரர்கள் புறப்பட்டார்கள். பழைய பத்திரம், சர்ச் பதிவேடு, கோர்ட் கட்டு எல்லாவற்றையும் தூசி தட்டிப் புரட்டினார்கள். 1637-ல் இங்கிலாந்தின் ஹிங்கமிலிருந்து மாசசூசெட்ஸ் வந்து இறங்கிய சாமுவேல் லிங்கன் என்ற நெசவு பழகிய பையனிடம் கொண்டுபோய் முடிச்சுப் போட்டார்கள். சாமுவேல் வம்சத்தில் எதற்குப் பஞ்சமோ இல்லையோ, பெயருக்குக் கடும் பஞ்சம். மொர்தெகாய்க்குப் பிறந்தவர் மொர்தெகாய். அந்த மொர்தெகாய்க்கு ஒரு தம்பி ஆபிரகாம், ஒரு மகன் ஆபிரகாம். இன்னொரு மகன் ஜான் தன் பிள்ளைகளுக்கு ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு என்று வேதாகம வரிசை பிசகாமல் பெயர் வைத்தார். இந்தக் கடைசி ஆபிரகாம்தான் நம்மவர். 1744 மே மாதம் பென்சில்வேனியாவின் இன்றைய பெர்க்ஸ் கவுன்டியில் பிறந்தார்.

அந்த ஊரில் பூன் குடும்பமும் இருந்தது. காட்டுக்குள் வழி கண்டவர் என்று அமெரிக்கா கொண்டாடும் டேனியல் பூனின் சொந்தபந்தங்கள். நம்மவரின் சித்தப்பா (அவரும் ஆபிரகாம்தான், வேறு என்ன) டேனியலின் பங்காளி வீட்டில் ஆன் என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டார். பூன் வீட்டோடு சம்பந்தம் செய்வதில் ஒரு சங்கடம் உண்டு. அவர்களுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. மேற்கே மண் நன்றாக இருக்கிறதாம் என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கே மூட்டை கட்டுவார்கள். லிங்கன்களுக்கும் அந்தப் பழக்கம் வந்து சேர்ந்தது.

1768-ல் ஜான் லிங்கன் குடும்பத்தோடு வர்ஜீனியாவின் ஷெனன்டோவா பள்ளத்தாக்குக்கு வந்தார். 1773-ல் லின்வில் ஓடைக்கரையில் மகன் ஆபிரகாமுக்கு 210 ஏக்கர் எழுதிக்கொடுத்தார். ஓடைத் தண்ணீர், கருத்த மண், கூப்பிடு தூரத்தில் அப்பா, தம்பிகள். அறிவுள்ளவன் அங்கேயே காலை நீட்டிப் படுத்து, பேரன் பேத்தி பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பான்.

கல்யாணமும் ஆகி ஐந்து பிள்ளைகள் பிறந்தார்கள். மனைவி யார் என்பதில் ஆராய்ச்சிக்காரர்களுக்குள் நீண்ட காலம் கைகலப்பு. பக்கத்து ஹெரிங் குடும்பத்துப் பெண் பத்ஷீபா என்று ஒரு கட்சி, மேரி ஷிப்லி என்று இன்னொரு கட்சி. நிலம் விற்ற பத்திரத்தில் மனைவியாகக் கையெழுத்திட்டிருப்பது பத்ஷீபா. ஐந்து பிள்ளை பெற்று, காடு மேடெல்லாம் கூடவே அலைந்த ஒரு பெண் இருந்தாள் என்பதற்குக் கடைசியில் சாட்சி சொன்னது ஒரு சொத்துப் பத்திரம்தான். இந்தக் குடும்பத்தின் கதை முழுக்க இப்படித்தான் போகும். மனிதர்கள் மறந்துவிடுவார்கள், பத்திரம் மறக்காது. சில சமயம் மறந்துதொலைத்தால் தேவலை என்று தோன்றும்.

இதற்குள் சுதந்திரப் போர் வந்துவிட்டது. வர்ஜீனியாவில் 16 முதல் 50 வயது வரையுள்ள சுதந்திர ஆண் ஒவ்வொருவனும் குடிப்படையில் சேர்ந்தாக வேண்டும். குடிப்படை என்றதும் வரிசையாக விறைத்து நிற்கும் சிப்பாய்களைக் கற்பனை செய்ய வேண்டாம். காலையில் மாடு கறந்தவன், மத்தியானம் சொந்தத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு அணிவகுப்புக்கு வந்து, அறுவடை இருக்கிறது என்று சாயங்காலமே வீடு திரும்பத் துடிப்பான். அப்படிப்பட்ட அக்கம்பக்கத்து ஆட்கள் 60 பேருக்கு லிங்கன் கேப்டன். முதலில் அகஸ்டா கவுன்டியில், 1778-ல் ராக்கிங்கம் கவுன்டி பிரிந்ததும் அங்கே. அறுபது பேரும் ஊர்க்காரர்கள். நேற்று வேலித் தகராறில் முகத்தைத் திருப்பிக்கொண்டவனிடம் இன்று இடதுபக்கம் திரும்பு என்று உத்தரவு போட வேண்டும். தளபதி வாஷிங்டனுக்கு இந்தச் சோதனை கிடையாது.

1778 இலையுதிர் காலத்தில் லிங்கனின் படையைத் தளபதி லாக்லன் மெக்கின்டாஷிடம் அனுப்பினார்கள். மெக்கின்டாஷ் ஒரு விசேஷமான ஆசாமி. முந்தைய வருஷம் ஜார்ஜியாவில் பட்டன் க்வின்னெட் என்பவரோடு துப்பாக்கி ஒற்றைக்கு ஒற்றை நடத்தி அவரைப் பரலோகம் அனுப்பியவர். க்வின்னெட் சாதாரண ஆள் இல்லை, சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். ஆங்கிலேயன் கொல்ல வேண்டிய ஆளை நம் தளபதியே கொன்றால் ஊர் சும்மா இருக்குமா? மெக்கின்டாஷை மேற்கு எல்லைக்கு அனுப்பிவைத்தார்கள்.

திட்டம் பிரமாதமாக இருந்தது. ஓஹியோ காடுகளைக் கடந்து, டெட்ராய்ட் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடிப்பது. நடந்தது வேறு. பென்சில்வேனியாவில் மெக்கின்டாஷ் தன் பெயரிலேயே ஒரு கோட்டை கட்டினார். பிறகு நடந்து நடந்து ஓஹியோவுக்குள் போய் இன்னொரு கோட்டை கட்டி, லாரன்ஸ் என்று பெயரிட்டார். அதற்குள் குளிர் வந்தது, ரொட்டி தீர்ந்தது, குடிப்படையின் கெடுவும் முடிந்தது. டெட்ராய்ட் இருந்த இடத்திலேயே பத்திரமாக இருந்தது. கேப்டன் லிங்கனின் போர்ச் சாதனை என்று சரித்திரம் பதிந்திருப்பது இதைத்தான்: இரண்டு கோட்டை கட்ட உதவினார். ஒரு நல்ல மேஸ்திரிக்குரிய சாதனை.

லாரன்ஸ் கோட்டையில் விட்டுவந்த ஆட்களின் பாடுதான் பாவம். எதிரிகள் முற்றுகையிட்டார்கள், தோலை வேகவைத்துத் தின்னும் நிலை வந்தது. 1779 மார்ச்சில் மெக்கின்டாஷ் உணவு மூட்டைகளைக் குதிரைகளில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். கோட்டையில் இருந்தவர்கள் சந்தோஷம் தாங்காமல் துப்பாக்கியை வானத்தில் வெடித்து வரவேற்றார்கள். வெடிச் சத்தத்தில் குதிரைகள் மிரண்டு, மூட்டைகளோடு காட்டுக்குள் ஓடிவிட்டன. பசித்த வயிற்றோடு அவர்கள் தங்கள் சாப்பாட்டைச் சுட்டே விரட்டியடித்தார்கள். ஆகஸ்டில் கோட்டையையும் கைவிட்டாயிற்று.

அந்தப் படையெடுப்பில் சிரிக்க முடியாத ஒரு விஷயமும் உண்டு. புறப்படுவதற்கு முன், 1778 செப்டம்பரில், பிட் கோட்டையில் டெலவேர் மக்களோடு அமெரிக்கா ஒரு உடன்படிக்கை செய்துகொண்டது. பூர்வகுடிகளோடு அந்த நாடு எழுத்தில் போட்ட முதல் உடன்படிக்கை. பிற்காலத்தில் டெலவேர்கள் தலைமையில் தனி மாநிலமே அமையலாம், காங்கிரஸில் இடம் உண்டு என்றெல்லாம் அதில் ஆசை காட்டியிருந்தார்கள். அதை நம்பிக் கையொப்பமிட்ட தலைவர் ஒயிட் ஐஸ், படைக்கு வழிகாட்டக் கூடவே கிளம்பினார். வழியிலேயே இறந்தார். அம்மை என்றார்கள். கொலை என்று இந்திய விவகார அதிகாரியாக இருந்த ஜார்ஜ் மார்கன் பின்னால் எழுதிவைத்தார். செய்தது இந்தப் பக்கத்து ஆட்களேதான் என்றார். கையெழுத்து காய்வதற்குள் பத்திரம் செல்லாததாகிவிட்டது.

வீடு திரும்பிய கேப்டனுக்கு லின்வில் ஓடை அலுத்துவிட்டது. கென்டக்கி கூப்பிட்டது. 1780-ல் நிலத்தை 5,000 பவுண்டுக்கு விற்றார். தொகையைப் பார்த்து மலைக்க வேண்டாம். அது போர்க்காலக் காகிதப் பணம். அதே வருஷம் காங்கிரஸே தன் நோட்டுக்கு 40-க்கு 1 என்று வெள்ளி மதிப்பு போட்டுவிட்டது. அந்தக் கணக்கில் 5,000 பவுண்டு வெறும் 125. செல்லாக்காசை வாங்கிக்கொண்டு செழிப்பான பூமியை விற்றவரை அசடு என்று சொல்லத் தோன்றும். அசடு இல்லை. அதே செல்லாக்காசை வர்ஜீனியா அரசாங்கத்தின் தலையிலேயே கட்டினார். கென்டக்கியில் 100 ஏக்கர் 40 பவுண்டு என்பது 1779 சட்டம் வைத்த விலை. 400 ஏக்கருக்கு 160 பவுண்டு வீதம் கட்டி மூன்று நில வாரன்ட் வாங்கினார், மொத்தம் 1,200 ஏக்கர். அரசாங்கம் அச்சடித்த குப்பையை அரசாங்கத்திடமே கொடுத்து நிலம் வாங்குவதைவிடப் பெரிய நாட்டுப்பற்று இருக்க முடியாது.

சரி, கென்டக்கியை விற்க வர்ஜீனியா யார்? வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்த்தால் தலை சுற்றும். 1768-ல் ஸ்டான்விக்ஸ் கோட்டையில் ஓஹியோ ஆற்றுக்குத் தெற்கே உள்ள நிலத்தை ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டவர்கள் இரோக்வா மக்கள். அவர்கள் வசித்தது வெகுதூரத்தில், நியூயார்க் பக்கம். அங்கே வேட்டையாடிப் பிழைத்த ஷாவ்னிகளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்தவன் தோட்டத்தை விற்பதில் உள்ள தாராளம் சொந்தத் தோட்டத்தில் வருமா? 1775-ல் ரிச்சர்ட் ஹென்டர்சன் என்ற கம்பெனிக்காரர் சுமார் 2 கோடி ஏக்கரைச் செரோக்கிகளிடம் 10,000 பவுண்டு மதிப்புள்ள சரக்கு கொடுத்து வாங்கினார். அவருக்காகக் காட்டை வெட்டிப் பாதை போட்டவர் நம் டேனியல் பூன். செரோக்கி இளந்தலைவர் டிராகிங் கனூ அந்த விற்பனையே கூடாது என்று கோபத்தோடு வெளியேறினார். 1778-ல் வர்ஜீனியா, கம்பெனி செய்த கிரயம் செல்லாது என்று அறிவித்தது. அறிவித்துவிட்டு அதே நிலத்தைத் தானே விற்க உட்கார்ந்தது. 1783-ல் பாரிஸில் ஆங்கிலேயன் எழுதிக் கையெழுத்திட்ட சமாதானத்தில் ஓஹியோவுக்கு வடக்கே உள்ளதையும் சேர்த்துத் தாரைவார்த்தான். அங்கே குடியிருந்தவர்களின் பெயர்கூட அதில் கிடையாது.

வாரன்ட் என்ற காகிதத்தின் மகிமை இன்னும் பெரிது. அதில் இத்தனை ஏக்கர் என்று மட்டும் இருக்கும், எந்த இடம் என்று இருக்காது. வாங்கியவன் காட்டுக்குள் போக வேண்டும், பிடித்த இடத்தில் மரத்தைக் கொத்தி அடையாளம் வைக்க வேண்டும், கவுன்டி சர்வேயரிடம் பதிய வேண்டும், சங்கிலி பிடித்து அளக்க வேண்டும், அந்த வரைபடம் மலை தாண்டித் தலைநகருக்குப் போய்ப் பட்டாவாகத் திரும்ப வேண்டும். எங்கே யாருக்கு என்ன கொடுத்தோம் என்று காட்டும் ஒரு பொது வரைபடம் எங்குமே இல்லை. எல்லைக்கு அடையாளம் ஓடை வளைவும் ஓக் மரமும். மரம் விழுந்தால் வழக்கு எழும். ஒரே நிலத்துக்கு மூன்று பேர் பட்டா வைத்திருப்பது கென்டக்கியில் சர்வசாதாரணம், ஓட்டு வீட்டுக் கூரைபோல ஒன்றன்மேல் ஒன்றாகப் பட்டாக்கள் படிந்து கிடந்தன. வழி கண்டுபிடித்த டேனியல் பூனே தன் நிலங்களைக் கோர்ட்டில் தோற்று, மிசௌரிக்கு, அதுவும் ஸ்பெயின்காரன் ஆட்சிக்குக் கீழே, போய்ச் சேர்ந்தார்.

லிங்கன் குடும்பம் 1780களின் தொடக்கத்தில் கென்டக்கி போய்ச் சேர்ந்தது. இன்றைய லூயிவில் நகருக்கு 20 மைல் கிழக்கே, ஜெபர்சன் கவுன்டியில், ஹியூஸ் ஸ்டேஷன் அருகில். ஸ்டேஷன் என்றால் ரயில் வராது. மரக்கட்டை வேலி அடித்த சின்னக் கோட்டை. ஆபத்து என்று குரல் கேட்டால் எல்லோரும் உள்ளே ஓட வேண்டும், அடங்கியதும் வெளியே வந்து களை பிடுங்க வேண்டும். இப்படி ஓடி ஓடிப் பிடுங்கிய இடைவெளிகளில் கேப்டன் நிலம் சேர்த்த வேகம் பிரமிக்கவைக்கிறது. கடைசியில் அவர் பெயரில் 5,544 ஏக்கராவது இருந்தது. குடியிருக்க ஒரு மரக் குடிசை.

1785-ல் லாங் ரன் ஓடைக்கரை 400 ஏக்கரை அளந்தார்கள். அந்தச் சர்வேயில் பெயர் லிங்கன் என்று இல்லை, லிங்க்ஹார்ன் என்று இருக்கிறது. சர்வேயர் காதில் விழுந்ததை எழுதினார். அயல்வீட்டுக்காரனுக்கு ஒரு வழக்குப் போட இது போதும். நல்லவேளை, அவனுக்கும் பெயரைச் சரியாக எழுதத் தெரிந்திருக்காது.

இனி எல்லோரும் சொல்லும் அந்த நிமிஷம். 1786 மே மாதம். கேப்டன் மூன்று மகன்களோடு வயலில் வேலையாக இருக்கிறார். காட்டிலிருந்து ஒரு குண்டு. அப்படியே சாய்ந்துவிட்டார். பதினைந்து வயதை ஒட்டிய மூத்தவன் மொர்தெகாய் துப்பாக்கிக்காகக் குடிசைக்கு ஓடினான். இரண்டாமவன் ஜோசையா உதவி கேட்டு ஸ்டேஷனுக்கு ஓடினான். எட்டு வயது தாமஸ் அப்பாவின் பக்கத்திலேயே உறைந்து நின்றான். காட்டிலிருந்து வெளியே வந்த பூர்வகுடி வீரன் தாமஸை நெருங்கினான். குடிசைக்குள்ளிருந்து மொர்தெகாய் குறிபார்த்தான். வந்தவன் மார்பில் தொங்கிய வெள்ளி ஆபரணத்தைக் குறிவைத்தான் என்று குடும்பத்தில் சொல்வார்கள். கை நடுங்கும் பையனாயிற்றே என்று ஆபரணத்தைக் கொஞ்சம் பெரிதாக்கியும் சொல்வார்கள். சுட்டான். வந்தவன் விழுந்தான். தாமஸ் பிழைத்தான். பிழைத்த தாமஸின் மகன்தான் பின்னாளில் ஜனாதிபதி. அந்தக் குறி ஒரு சாண் பிசகியிருந்தால் சரித்திரமே மாறியிருக்கும் என்று பேச்சாளர்கள் மேஜையைத் தட்டுவார்கள்.

மேஜையைத் தட்டி முடிந்ததும், கதையின் பெரிய அடி அந்தக் குண்டு இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது வர்ஜீனியாவின் தலைநகர் ரிச்மண்டில் இருந்த ஒரு சட்டப் புத்தகத்திலிருந்து விழுந்தது.

உயில் எழுதாமல் செத்தவரின் நிலம் மூத்த மகனுக்கே என்பது இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த பழைய விதி. இது அநியாயம், பிள்ளைகள் எல்லோருக்கும் சமபங்கு வேண்டும் என்று தாமஸ் ஜெபர்சன் வருஷக்கணக்கில் மல்லுக்கட்டினார். 1785-ல் வர்ஜீனியா சட்டசபை ஒப்புக்கொண்டது. ஆனால் சட்டம் அமலுக்கு வந்த நாள் 1787 ஜனவரி 1. கேப்டன் இறந்தது 1786 மே. இடையில் ஏழு மாதம் சொச்சம். ஜெபர்சன் பெயரைத் தாங்கிய கவுன்டியில், ஜெபர்சன் எழுதிய சட்டம் கைக்கு எட்டாமல், தாமஸ் என்ற பெயருள்ள பையன் ஓட்டாண்டியானான். விதவைக்குரிய மூன்றில் ஒரு பங்கு போக, மீதி நிலமெல்லாம் மொர்தெகாய்க்கு. ஜோசையாவுக்கும் தாமஸுக்கும் இரண்டு சகோதரிகளுக்கும் நிலத்தில் ஒரு பிடி மண்கூட இல்லை. தம்பியின் உயிரைக் காப்பாற்றிய அதே அண்ணன், தம்பியின் பங்கையும் சேர்த்து வாங்கிக்கொண்டான். குறை சொல்ல முடியாது, இரண்டுமே சட்டப்படி.

இறந்தவர் வீட்டில் இருந்த தட்டுமுட்டுகளைக் கோர்ட் ஆட்கள் வந்து கணக்கெடுத்தார்கள். குதிரைகள், மாடு கன்றுகள், கலப்பை, களைக்கொட்டுகள், சட்டிபானை, ஈயத் தட்டுகள், துப்பாக்கிகள், இறகு மெத்தைகள். ஆயிரக்கணக்கில் ஏக்கர் வைத்திருந்தவரின் வீட்டில் கண்ணால் பார்க்க இருந்தது இவ்வளவுதான். சொத்து முழுக்கக் காகிதத்தில். பத்ஷீபா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, கொஞ்சம் ஜனநடமாட்டம் உள்ள வாஷிங்டன் கவுன்டிப் பக்கம் போய்விட்டார். கேப்டனைப் புதைத்த இடம் லாங் ரன் பாப்டிஸ்ட் சர்ச் இருக்கும் இடம்தான் என்பது வழிவழியாக வரும் பேச்சு. அந்தப் பேச்சை நம்பி 1937-ல் அங்கே ஒரு நினைவுக்கல் நட்டார்கள். அவரைச் சுட்டவனுக்கு என்ன பெயர், எந்த ஊர், அவனுக்கு எத்தனை பிள்ளைகள் என்று எந்தப் பதிவேடும் கேட்கவில்லை.

மொர்தெகாய் சௌகரியமாக வாழ்ந்தார். நல்ல கதைசொல்லி என்று பெயர் எடுத்தார். குடும்பத்துக்கு இருந்த திறமையையெல்லாம் பெரியப்பாவே தூக்கிக்கொண்டு போய்விட்டார் என்று ஜனாதிபதிப் பேரன் வேடிக்கையாகச் சொல்வாராம். திறமை மட்டுமா போயிற்று?

தாமஸ் கூலிவேலை செய்தும் தச்சுவேலை செய்தும் காசு சேர்த்து நிலம் வாங்கினார். அப்பாவைப்போலவே கென்டக்கியில் வாங்கினார் என்பதுதான் கோளாறு. ஆபிரகாம் பிறந்த சிங்க்கிங் ஸ்பிரிங் பண்ணை உள்பட, தொட்ட இடமெல்லாம் பட்டாத் தகராறு. 1816-ல் போதும்டா சாமி என்று ஆறு தாண்டி இண்டியானா போனார். அங்கே மத்திய அரசாங்கமே முன்கூட்டிக் கட்டம் கட்டமாக அளந்துவிட்டுத்தான் விற்றது. அடிமைமுறையும் ஒரு காரணம், நிலப் பத்திரக் குழப்பமே முக்கியக் காரணம் என்று அந்த இடப்பெயர்ச்சியைப் பற்றி மகன் பின்னால் எழுதினார். அந்த மகன் வளர்ந்து செய்த வேலைகளைப் பாருங்கள்: முதலில் துணை சர்வேயர், அப்புறம் வக்கீல். தாத்தாவைச் சுட்டவனைப் பழிவாங்க அவர் கிளம்பவில்லை. சங்கிலியையும் சட்டப் புத்தகத்தையும் எடுத்தார். குடும்பத்தின் உண்மையான எதிரி யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அவரும் ஒருமுறை குடிப்படைக் கேப்டன் ஆனார். 1832, இல்லினாய்ஸில் பிளாக் ஹாக் போர். ஊர்ப் பையன்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த கேப்டன். ஒருநாள் படையை ஒரு குறுகிய வேலிக் கதவு வழியாகக் கொண்டுபோக வேண்டும். அதற்கான உத்தரவு வார்த்தை மறந்துபோயிற்று. படை இரண்டு நிமிஷம் கலையட்டும், கதவுக்கு அந்தப் பக்கம் மறுபடி கூடட்டும் என்று உத்தரவிட்டார். முகாமுக்குள் துப்பாக்கி வெடித்ததற்கு ஒரு தண்டனை, பையன்கள் திருட்டுச் சாராயம் குடித்து மட்டையானதற்கு இன்னொரு தண்டனை. இரண்டு நாள் மரக்கத்தி கட்டிக்கொண்டு நடந்தார். சண்டை எதையும் பார்க்கவில்லை. 1848-ல் காங்கிரஸில் பேசும்போது, கொசுக்களோடு பல ரத்தப்போர் புரிந்ததாகத் தன்னைத்தானே கிண்டல் செய்துகொண்டார்.

அந்தப் போருக்கும் மூலகாரணம் ஒரு காகிதம்தான். 1804-ல் செயின்ட் லூயிஸில் சாக், மெஸ்க்வாக்கி மக்களின் பெயரால் சிலர் ஒரு உடன்படிக்கையில் கைநாட்டு வைத்தார்கள். நிலத்தைக் கொடுக்க அவர்களுக்கு யாரும் அதிகாரம் தரவில்லை. போனது சுமார் 5 கோடி ஏக்கர் என்பார்கள். கிடைத்தது 2,234 டாலர் 50 சென்டுக்குச் சரக்கு, வருஷாவருஷம் 1,000 டாலர். இதை ஏற்காமல் ஊர் திரும்பிய கிழவர் பிளாக் ஹாக்கை எதிர்த்துத்தான் நம் இளைய கேப்டன் கொசு அடிக்கப் போனார்.

கொசு அடித்ததற்கும் கூலி உண்டு. 1850-லும் 1855-லும் வந்த சட்டங்களின்படி பழைய போர்வீரர்களுக்கு அரசாங்கம் நிலம் கொடுத்தது. லிங்கனுக்கு ஐயோவா மாநிலத்தில் டாமா கவுன்டியில் 40 ஏக்கர், க்ராஃபோர்டு கவுன்டியில் 120 ஏக்கர். தாத்தா உயிரைக் கொடுத்தும், அப்பா வியர்வையைக் கொடுத்தும் தக்கவைக்க முடியாத ஒரு பொருள், பேரனுக்குச் சில அவுன்ஸ் ரத்தத்தில் கிடைத்துவிட்டது. அவர் அங்கே போய் ஒரு நாற்று நட்டதில்லை.

ஐயோவாவையும் 1842-ல் எழுதி வாங்கிக்கொண்டு, மெஸ்க்வாக்கிகளைக் கான்சஸுக்கு அனுப்பியிருந்தார்கள். சிலர் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்தார்கள். ஐம்பது வருஷமாக இந்தக் காகித வித்தையைப் பார்த்துப் பார்த்து அவர்களுக்கும் தொழில் பிடிபட்டுவிட்டது. துப்பாக்கியைத் தொடவில்லை. 1857-ல் 1,000 டாலர் திரட்டி, அதே டாமா கவுன்டியில், ஒரு காலத்தில் தாங்கள் திரிந்த மண்ணிலேயே 80 ஏக்கரைக் கிரயம் வாங்கிப் பத்திரம் போட்டுக்கொண்டார்கள். 5 கோடி ஏக்கருக்கு இரண்டு இனங்களுக்கும் சேர்த்துக் கிடைத்த ஒரு வருஷப் பணம் எவ்வளவோ, அதே தொகை. பிறகு வருஷக்கணக்காகப் பக்கத்து நிலங்களையும் காசு கொடுத்தே வாங்கிச் சேர்த்தார்கள். இன்று 8,000 ஏக்கருக்கு மேல் வைத்துக்கொண்டு அங்கேயே இருக்கிறார்கள். பெயர் பிசகு கிடையாது, பங்காளித் தகராறு கிடையாது, அடுத்தவன் பட்டா கிடையாது. இரண்டு கேப்டன்களும் ஒரு தச்சரும் சேர்ந்தும் லிங்கன் குடும்பத்துக்குக் கைகூடாத காரியம் அது.